வீட்டில் மது ஊற்றிக் குடுக்கிறதா, தொடவே விடாததா?

ஏ.எல். (உயர்தரப்) பரீட்சை முடிந்து கம்பஸ் தொடங்கும் வரையான நீண்ட இடைவெளியில் எங்கட கொழும்பு வெள்ளவத்தைக் குடும்பத்தில் இரண்டு கட்சி.

"ஒளிச்சுக் குடிக்கிறதை விட எனக்கு முன்னால குடிக்கட்டும்" என்று அண்ணா மகனுக்கு அரைக் கிளாஸ் பியர் ஊற்றினார். பெடியன் முகத்தைச் சுளித்துவிட்டு மிக்ஸர் தட்டைக் காலி செய்தான்.

அக்கா வீட்டில் சொட்டும் கூடாது. அவ மகன் காலி வீதியில் பஸ்ஸால் இறங்கும்போதே மணத்தை மறைக்க வாயில் இஞ்சி மிட்டாய்!

சட்டம் அக்கா பக்கம்: இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்கக் கூடாது. பெற்றோர் கொடுத்தாலும் பாதுகாப்பில்லை என்றே 2018இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வும் காட்டியது.

ஆனாலும் இரவு 11 மணிக்கு, "அப்பா, ஏத்த வாங்கோ" என்று கோல் எடுக்கிறவன் அண்ணாவின் மகன்தான். அக்காவின் மகன் எடுக்கமாட்டான்.