மே மாதத்தில் காசிரங்கா: 46,800 ரூபாய் போன கதை

அசாமில் இருக்கும் காசிரங்கா தேசியப் பூங்காவுக்குப் போய்விட்டு நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடும் ஆள் நான்.

போனது 46,800 ரூபாய். விமான டிக்கெட் இதில் சேராது. நாலு பேருக்கு மூன்று இரவு தங்கல், இரண்டு ஜீப் சஃபாரி, ஒரு யானைச் சவாரி, ஜோர்ஹாட் விமான நிலையத்திலிருந்து கார், எல்லாம் சேர்த்து. விற்றது ஒரு ஆன்லைன் பயணத் தளம். பெயர் போடவில்லை. காட்டுச் சுற்றுலா மட்டும்தான் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ரகம். முகப்பில் பச்சை இலையும் அரசு முத்திரை மாதிரி ஏதோ ஒன்றும் இருக்கும்.

மகன் ஆறாம் வகுப்பு முடித்திருக்கிறான். ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகம் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரிப்பு. 2022 கணக்கெடுப்பில் காசிரங்காவில் 2,613 இருந்தன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். எங்களுக்கு விடுமுறை வாய்ப்பது மே மாதம்தான். மழை தொடங்கிவிடுமே என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே போன் செய்து கேட்டேன்.

எடுத்த பையன் நல்ல தமிழில் பேசினான். "அக்கா, மழைதான்க்கா சீசனே. பிரம்மபுத்ரா ஏறிச்சுன்னா உள்ள இருக்கிற மிருகமெல்லாம் மேட்டைத் தேடி ஹைவேயைத் தாண்டும். நீங்க தேடிப் போக வேண்டாம், அதுவே உங்களைத் தேடி வரும். என்னை உங்க தம்பியா நினைச்சுக்கோங்க."

இங்கேதான் விழுந்தேன். காரணம், அவன் சொன்னதில் பாதி உண்மை. காசிரங்கா ஆற்றின் வெள்ளச் சமவெளி. வருடாவருடம் தண்ணீர் ஏறிப் புல்வெளி மூழ்கும். மானும் யானையும் காண்டாமிருகமும் நெடுஞ்சாலையைக் கடந்து தெற்கே கார்பி ஆங்லாங் மலைப்பக்கம் ஒதுங்கும். அந்த வெள்ளம்தான் ஆகாயத்தாமரையை அடித்துக்கொண்டு போய், வண்டல் போட்டு, புல்லைப் புதிதாக முளைக்க வைக்கிறது. இதெல்லாம் நானே படித்ததுதான். மழைக்காலத்தில் பூங்காவையே மூடிவிடுவார்கள் என்ற மறுபாதியை அவன் சொல்லவில்லை, நானும் தேடவில்லை. வண்டி மோதி மிருகங்கள் சாகாமலிருக்க அந்தச் சாலையில் வேகக் கட்டுப்பாடு போடுகிறார்கள். உயிர் பிழைக்க ஓடுகிறதை நின்று வேடிக்கை பார்க்கிற இடமா அது?

பணம் அனுப்பும்போது திரையில் நிறுவனத்தின் பெயர் வரவில்லை, யாரோ தனி ஆள் பெயர் வந்தது. கேட்டேன். "அவர் எங்க அக்கவுண்ட்ஸ் பாக்கிறவருக்கா." சரி என்று அழுத்திவிட்டேன்.

மே கடைசி வாரம். ஜோர்ஹாட்டில் இறங்கினால் கார் இல்லை. சொந்தக் காசில் டாக்சி, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். விடுதியில் முதல் இரவுக்கு மட்டும்தான் பணம் வந்திருக்கிறது என்றார்கள். மறுநாள் விடிகாலை பூங்காவின் கோஹோரா வாசலுக்குப் போனோம். பூட்டு. காவலர் "பந்த்" என்றார். நாங்கள் நகராததால் கையை விரித்து "அக்டோபர்" என்றார். புடவையைத் தவிர வேறெதையும் உடுத்தியறியாத என் மாமியார், யானை ஏற வசதியாக இருக்குமென்று சுடிதார் தைத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

பக்கத்திலிருந்த ஜீப் டிரைவரிடம் என் போனிலிருந்த ரசீதைக் காட்டினேன். "எந்த ரேஞ்சு?" என்று கேட்டார். ரேஞ்சு என்றால் சஃபாரி போகும் பகுதி. கோஹோரா, பாகோரி, அகரதோலி, புராபஹார் என்று நான்கு இருக்கிறதாம், அனுமதிச் சீட்டில் அது இருக்குமாம். என் ரசீதில் ஒரு யானைப் படமும் எங்கள் பெயர்களும்தான் இருந்தன. ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

தம்பிக்குப் போன் செய்தேன். அன்றைக்கு நான் "மேடம்" ஆகிவிட்டேன். "மேடம், மூடுறது வனத்துறை முடிவு, எங்க கையில இல்ல." மறுநாள், "அது பார்ட்னர் சைடு மேடம்." அதற்கடுத்த நாள் வேறொரு பெண், "ஏழு வேலை நாளில் திரும்பி வரும், மெயில் பண்ணுங்க." மெயிலுக்குப் பதில், நன்றி சொல்லி ஒரு தானியங்கி மெயில். 46,800 ரூபாய்க்கு ஒரு நன்றி!

திரும்பும் வழியில் பாகோரி பக்கம் சாலையோரம் நிறுத்தி, மகன் பைனாகுலரில் பார்த்தான். தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. இருபது நிமிடம் அசையவில்லை. நோட்டில் "1" என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டான்.

நிறைய டிப்ஸ் எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. காசிரங்கா என்றால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. முன்னே பின்னே போவதாக இருந்தால் திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடமே கேளுங்கள், விற்கிறவனிடம் கேட்காதீர்கள். ரேஞ்சு பெயர் இல்லாத ரசீதை நம்பாதீர்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள். நான் மூன்று நாள் கழித்துத்தான் அடித்தேன், புகார் எண் மட்டும் கிடைத்திருக்கிறது.

அவர்கள் சொன்ன ஏழு வேலை நாள் வியாழக்கிழமை முடிகிறது.