தண்டவாளம் போடும் கதையா, ரயில் ஓட்டும் கதையா?

அமெரிக்க மேற்குப் பகுதியையும் ரயிலையும் வைத்து எழுதிய பழைய சாகச நாவல் ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், ஃப்ராங்க் ஸ்பியர்மனின் ‘விஸ்பரிங் ஸ்மித்’ (1906) எடுப்பதா, ஜேன் கிரேயின் ‘தி யு.பி. டிரெயில்’ (1918) எடுப்பதா? இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டும் பழைய நூல்களை இணையத்தில் தரும் குட்டன்பர்க் தளத்தில் இலவசம், அதனால் விலைப் பேச்சு இல்லை. பெயர் என்று பார்த்தால் கிரேதான், அவருடைய நாவல் வெளிவந்த ஆண்டில் அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம். ஸ்பியர்மன் என்றால் யார் அது என்று கேட்பார்கள். இருந்தாலும் நான் ஸ்பியர்மன் கட்சி.

காரணம் ஒன்றுதான். கதையிலிருந்து ரயிலை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? ஸ்பியர்மனிடம் ஒன்றும் இருக்காது. மலைப்பகுதியில் ஒரு சரக்கு ரயில் கவிழ்ந்து கிடக்கிறது, அதைத் தூக்கிப் பாதையைச் சரிசெய்யும் குழுவுக்குத் தலைவன் சின்க்ளேர். வேலையில் அவனை அடிக்க ஆள் இல்லை. ஆனால் உடைந்த பெட்டிகளில் இருந்த சரக்கை அவனுடைய ஆட்கள் அள்ளிக்கொண்டிருப்பதைக் கோட்டக் கண்காணிப்பாளர் மெக்லவுட் பார்த்துவிடுகிறார். காலங்காலமாக நடக்கிற வழக்கம்தானே, இதற்குப் போய் இத்தனை கெடுபிடியா என்பது சின்க்ளேரின் நியாயம். வேலை போகிறது. பிறகு நடக்கிற கொள்ளை, துப்பாக்கிச் சண்டை எல்லாவற்றுக்கும் விதை இந்த டிஸ்மிஸ்தான். பாதையின் சந்துபொந்தெல்லாம் தெரிந்தவனே எதிரியானால் ரயில்வே என்ன பாடு படும், யோசித்துப் பாருங்கள். அவனைப் பிடிக்க வருகிற ரயில்வே துப்பறிவாளன் ஸ்மித்துக்கோ சின்க்ளேரின் மனைவி மரியன்மேல் பழைய பிரியம், அதனால் கை தயங்குகிறது. வெள்ளம் வரும்போதுகூட நமக்குக் கவலை ஆற்றங்கரைப் பாதை தாங்குமா என்பதுதான்.

இத்தனைக்கும் ஸ்பியர்மன் ரயில்வேயில் ஒரு நாளும் வேலை பார்த்தவர் இல்லை. நெப்ராஸ்காவில் மெக்குக் என்ற ரயில் ஊரில் வங்கி நடத்தியவர். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பேசிய ரயில்காரர்களிடமிருந்து இந்த விவரமெல்லாம் பிடித்திருப்பார் என்பது என் ஊகம்.

சரி, கிரே. யூனியன் பசிபிக் (தலைப்பில் வரும் யு.பி. இதுதான்) ரயில் பாதை போடப்பட்டு, 1869 மே 10 அன்று யூட்டாவின் ப்ரோமான்டரியில், இரண்டு பக்கமிருந்தும் வந்த பாதைகள் சேர்ந்ததற்கு அடையாளமாகத் தங்க ஆணி அடிப்பதுவரை போகிற பெரிய கதை. நில அளவை செய்யும் நீல், சூதும் குடியுமாகக் கிடக்கும் பென்டன் என்ற கூடார ஊர், ஒப்பந்தக்காரர்களின் ஊழல் என்று சரக்குக்குக் குறைவில்லை. அயர்லாந்துத் தொழிலாளி கேசி ஒரு ஜல்லி வண்டியில் தனியாகப் பாய்ந்து போய் ரயிலைக் காப்பாற்றும் இடம் இருக்கிறதே, அதற்கு ஈடான ஒரு காட்சி ஸ்பியர்மனிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீல், அல்லி காதல் இருக்கிறது பாருங்கள், பிரிவதும் தேடுவதும் மறுபடி பிரிவதுமாக... அந்தக் கதையைக் கால்வாய் வெட்டும் இடத்திலும் நடத்தியிருக்கலாம். சூ பழங்குடியினரைத் தாக்க வருகிற கூட்டமாக மட்டுமே காட்டுவதும் இன்று உறுத்துகிறது. கிரே எழுதிக் குவித்தவர், நான் படித்தது மூன்று நாவல்தான், அதனால் மொத்த கிரேக்கும் இது தீர்ப்பு இல்லை.

ஸ்பியர்மனிலும் எல்லாம் படித்துவிடவில்லை. ‘ஹெல்ட் ஃபார் ஆர்டர்ஸ்’ (1901) என்ற சிறுகதைத் தொகுப்பு இப்போது கையில். மேலிடத்து உத்தரவு வரும்வரை நிறுத்திவைத்த ரயிலைக் குறிக்கும் தலைப்பு அது. நானும் மூன்றாவது கதையில்தான் நிற்கிறேன்.