துடைப்பம், முறம், துணிக்கொடி: வேலை பழக்கும் படப்புத்தகங்களில் எதை வாங்கலாம்?

மூன்று வயதுப் பிள்ளை துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும். ஏழு வயதில் அதே பிள்ளை துடைப்பத்தைக் கண்டாலே ஓடும். நடுவில் உள்ள நாலு வருடத்துக்காகத்தான் இந்தப் புத்தகங்கள். புதுச்சேரி, கடலூர் கடைகளில் கண்ணில் படுபவை மூன்று வகை: கெட்டி அட்டைப் புத்தகம், கதைப் புத்தகம், ஸ்டிக்கர் புத்தகம். கடைக்கே போகாமல் நாமே அச்சிட்டுத் தைத்துக்கொள்வது நான்காவது.

அட்டைப் புத்தகம் இரண்டு, மூன்று வயதுக்குச் சரி. பக்கத்துக்கு ஒரு செயல், ஒரு வரி. அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. படத்தைப் பார்த்து வாங்குங்கள். பாத்திரம் கழுவும் மெஷினும் தரைவிரிப்பை உறிஞ்சும் மெஷினும் வரைந்திருந்தால், பிள்ளை வீட்டில் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். முறம், குடம், துணிக்கொடி இருந்தால் விரல் உடனே அடுப்படிப் பக்கம் நீளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டை ஈரத்தை உறிஞ்சி ஓரம் பிரியும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், சுவரை ஒட்டியும் அடுக்காதீர்கள்.

ஸ்டிக்கர் புத்தகத்தின் ஆயுள் ஒரு வாரம். ஒரு வேலைக்கு ஒரு நட்சத்திரம் என்று தொடங்கும். நட்சத்திரம் தீர்ந்ததும் வேலையும் நிற்கும். பிள்ளையின் குற்றமல்ல அது. உளவியல் ஆய்வாளர்கள் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், உதவியதற்குப் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள் பிறகு உதவுவதைக் குறைத்துக்கொண்டார்கள்; பரிசே பெறாதவர்கள் தொடர்ந்து உதவினார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஸ்டிக்கர்களைப் பொம்மைக்கூடை, செருப்புத் தட்டு, அழுக்குத்துணி வாளி மேல் ஒட்டிவிடுங்கள். எது எங்கே போக வேண்டும் என்று காட்டவாவது உதவும்.

கதைப் புத்தகத்தில்தான் நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கிறது. சோம்பேறிப் பையன் வீட்டை அலங்கோலமாக்கி, அவதிப்பட்டு, கடைசிப் பக்கத்தில் திருந்துவது ஒரு ரகம். பிள்ளைக்குப் பிடிப்பது அந்த அலங்கோலப் பக்கம்தான். திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்கும். இன்னொரு ரகத்தில் வேலையே கதை: ஒரு காலுறைக்கு ஜோடி காணோம், மலைபோல் கிடக்கும் துணியை ஒவ்வொன்றாக மடித்தால்தான் கிடைக்கும். காசு கொடுக்க வேண்டியது இதற்குத்தான். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். எழுத்தைக் கையால் மறைத்துவிட்டு, படத்தை மட்டும் பார்த்து எது முதலில், எது அடுத்து என்று சொல்ல முடிகிறதா? துணியை ஊறவைத்ததும் நேரே கொடியில் காய்வதாகப் படம் தாவினால், பார்த்துச் செய்ய அதில் ஒன்றுமில்லை.

அடுத்தது மொழி. ‘தன் பொம்மைகளை ஒழுங்குபடுத்தினான்’ என்று எந்த வீட்டிலும் பேசுவதில்லை. ‘பொம்மைய எல்லாம் கூடையில போட்டான்’ என்று வாய் தானாக மாற்றிக்கொண்டால் பரவாயில்லை. வரிக்கு வரி தடுக்கினால் வைத்துவிடுங்கள். இருமொழிப் புத்தகத்தில் மேலே ஆங்கிலம் எதுகையோடு துள்ளும், கீழே தமிழ் நொண்டும். வாங்கும்போது தமிழ் வரியை முதலில் வாய்விட்டுப் படியுங்கள். ‘சரக் சரக்’ என்று பெருக்கும் சத்தம், ‘சளசள’ என்று தண்ணீர்ச் சத்தம் இருக்கிறதா பாருங்கள். பிள்ளை வேலை செய்யும்போது திரும்ப வருவது அந்தச் சத்தம்தான். புதுச்சேரிக்காரர்கள் வாங்குமுன் 1827இல் தொடங்கிய ரோமேன் ரோலண்ட் நூலகத்தில் சில புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால் பாதிச் செலவு மிச்சம்.

மொழி சரிவரவில்லை என்றால் நான்காவது வழிதான் கைகொடுக்கும். குழந்தைப் புத்தகங்கள் வெளியிடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கலாம். திறந்த உரிமத்தில் வருவதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டு, மாற்றியிருப்பதையும் சொல்லிவிட்டு, வரிகளை உங்கள் வீட்டுப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கும் பெரும்பாலான புத்தகங்களில் இந்த வசதி கிடையாது.

ஒரு தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம் என்பதால், அச்சிடும்போது பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். 14 பக்கக் கதைக்கு இரண்டு வெற்றுப் பக்கம் சேர்த்து 16 ஆக்கினால் நாலு தாள் போதும். அச்சிடும் திரையில் ‘புக்லெட்’ முறையைத் தேர்ந்து, தாள் குட்டைப் பக்கமாகப் புரளும்படி வையுங்கள். நீளப் பக்கம் கொடுத்தால் பின்பக்கமெல்லாம் தலைகீழாக வரும். அகலவாக்கில் அமைந்த கதை ஏ4 தாளில் சிறுத்துவிடும். ஜெராக்ஸ் கடையில் ஏ3 கேளுங்கள். 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளில் பின்பக்க வண்ணம் தெரியும், 100 இருந்தால் நல்லது.

ஸ்டேப்ளர் வேண்டாம். கடல்காற்றில் கம்பி துருப்பிடித்து நடுப்பக்கத்தில் பழுப்பாக ஊறும். மடிப்பில் மூன்று துளை போடுங்கள். நடுத் துளையில் உள்ளிருந்து நூலை வெளியே எடுத்து, மேல் துளையில் உள்ளே விட்டு, கீழ்த் துளையில் வெளியே எடுத்து, மறுபடி நடுத் துளையில் உள்ளே கொண்டுவந்து, நீளமாக ஓடும் நூலை நடுவில் வைத்து முடிச்சுப் போடுங்கள். அந்த வெற்றுப் பக்கங்கள் இரண்டும், வீட்டுத் துடைப்பம் எங்கே நிற்கும், முறம் எங்கே தொங்கும் என்று பிள்ளையே வரைந்துகொள்ள.