பிளெட்னெவ்: பியானோவில் தொடங்கலாமா, சிம்பொனியிலா?

மிகயீல் பிளெட்னெவ் 1978-இல் மாஸ்கோவின் சாய்கோவ்ஸ்கி போட்டியில் முதல் பரிசு வாங்கிய பியானோக் கலைஞர். 1990-இல் அரசுப் பணத்தை நம்பாமல் ரஷ்ய தேசிய இசைக்குழுவைத் தொடங்கிய இசை நடத்துநரும் அவரே.

அந்தக் குழுவோடு அவர் பதிவு செய்த ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனி கச்சிதமானது; சோகத்தை அள்ளிக் கொட்டாது. சரி, முதலில் எதைக் கேட்பது? என் ஓட்டு பியானோவுக்கே. பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஸ்கார்லட்டியின் சொனாட்டாக்களை (விசைப்பலகைக்கான சிறு படைப்புகள்) போட்டுப் பாருங்கள்: திரும்ப வரும் வரியை அப்படியே வாசிக்க மாட்டார்; சத்தத்தைத் தணித்து, கூடவே ஓடும் இன்னொரு மெட்டை மேலே கொண்டுவருவார். சாய்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ பாலே நடன இசையிலிருந்து பியானோத் தொகுப்பு ஒன்றையும் அமைத்தார். பத்து விரலில் ஒரு முழு வாத்தியக் குழு.

இன்றைய பியானோக்கள் பிடிக்காமல் சில ஆண்டுகள் வாசிப்பையே விட்டிருந்தார். ஜப்பானின் கவாய் நிறுவனம் செய்யும் ‘ஷிகெரு கவாய்’ பியானோதான் அவரைத் திரும்ப உட்கார வைத்தது.