நாகர்கோவில் டூ திருவனந்தபுரம் ஒருநாள் வேன் டூர்: ஏசி ஓடல, வாத்தியார் கததான் நல்லா ஓடிச்சு

போன மாசம் ரெண்டாவது சனிக்கிழமை நானும் வீட்டுக்காரியும் போயிட்டு வந்தோம். "ராஜா காலத்து திருவிதாங்கூர்"னு, நம்ம ஜில்லாவும் தெக்கு கேரளாவும் சேந்த பழைய ராஜ்யத்த பத்தி வாட்ஸப்ல நோட்டீஸ் வந்துச்சு, தலைக்கு 950 ரூபா, மதியச் சாப்பாடு உள்பட. நடத்துறவங்க பேரு போடல, ரெண்டு வேன வச்சு பொழைக்கிற சின்ன ஆளுங்க, அவங்க வயித்துல அடிக்க மனசில்ல.

கெட்டத மொதல்ல சொல்லிடுறேன். காலைல 7 மணின்னாங்க, வடசேரில நிக்கோம் நிக்கோம் நின்னுட்டே இருக்கோம், வண்டி வந்தப்ப 7.50. ஏசி வேன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு, உள்ள ஏறினா காத்து வரல சத்தம்தான் வருது. டிரைவர்கிட்ட கேட்டா "ஜன்னல தொறந்து வைங்க, நல்ல காத்து வரும்"ங்காரு. அதுக்கு நான் பஸ்லயே போயிருப்பேனே.

ஆனா கூட வந்த கைடு இருக்காரே, ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியார், அந்த மனுசனுக்காகவே இத எழுதுறேன். பத்மநாபபுரம் அரண்மனைக்கு நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது ரெண்டு தடவ, கல்யாணம் ஆகி ஒரு தடவ போயிருக்கேன், தக்கலைல இருந்து கூப்பிடு தூரம், செருப்ப கழட்டிட்டு அந்த கறுப்பு தரைல நடந்தா கால் ஜில்லுனு இருக்கும், 64 மூலிகை மரத்துல செஞ்ச கட்டில்னு காட்டுவாங்க, வந்துருவோம். இந்த தடவ சார் எங்கள உள்ள கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி முற்றத்துல நிறுத்தி உப்பரிகை மாளிகைய அண்ணாந்து பாக்கச் சொன்னாரு. விரல மேல இருந்து கீழ எறக்கிட்டே வாராரு: "உச்சியில பத்மநாபசாமிக்கு பூஜை அறை, அதுக்கு கீழ ராஜா படுக்குற கட்டில், அடியில கஜானா. இதான் மக்கா திருவிதாங்கூர் கவர்மெண்ட், ஒரே ஓட்டுக்கு கீழ சாமி, ராஜா, பணம். இதுல எங்கன கத்தி வச்சு கோயில் வேற சர்க்கார் வேறன்னு பிரிப்பீங்க?"

நான் இவ்வளவு நாளா அத ஒரு நாலு மாடி வீடுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்.

கத இதான். மார்த்தாண்டவர்மா, கல்குளத்துக்கு பத்மநாபபுரம்னு பேரு மாத்தினவரு, 1750 ஜனவரில நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதி வச்சுட்டு தன்ன தாசன்னு சொல்லிக்கிட்டாரு. பக்தின்னு நம்ம சொல்லிட்டு போயிருவோம், சார் சிரிச்சுட்டே சொல்றாரு, "எதிர்த்த பிள்ளைமார்ங்கற பிரபுக்களையெல்லாம் ஒடுக்கின பொறகு இதச் செஞ்சாரு, இனிமே ராஜாவ எதிர்த்தா சாமி குத்தம்லா?" அது ஒரு முடிச்சு. ரெண்டாவது முடிச்ச போட்டது ஒரு வெள்ளைக்காரன், கர்னல் மன்றோ. பிரிட்டிஷ் ரெசிடெண்டா இருந்துட்டே 1811ல திவான், அதாவது ராஜாவோட முதல் மந்திரி வேலையையும் சேத்து பாத்தவரு, கோயில் சொத்தையெல்லாம் சர்க்கார் கைக்கு கொண்டு வந்துட்டாரு, பெரிய கோயில் 348, சின்னது 1171. ஒரு கிறிஸ்தவர்தான் கோயில சர்க்காரோட சேத்து இறுக்கிக் கட்டினாருங்கறது எனக்கு புதுசு.

இதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கோயில் நிலம் நிலவரி டிப்பார்ட்மெண்டோட சேந்தாச்சு, அப்ப கோயில் விளக்குக்கு எண்ணெய், நைவேத்தியத்துக்கு அரிசி, திருவிழா செலவு எல்லாம் தாசில்தார் பொறுப்பு. கோயிலுக்குள்ள போக முடியாதவன தாசில்தாரா போட முடியுமா? முடியாது. அதனால ஈழவர், நாடார், கிறிஸ்தவர், முஸ்லிம் யாருக்கும் நிலவரி டிப்பார்ட்மெண்ட்ல எடமில்ல. வரி மட்டும் எல்லார்கிட்டயும் வாங்குவாங்க. 1919ல இவங்கெல்லாம் ஒண்ணு சேந்து கிளம்பினப்ப கேட்டது தத்துவம் இல்ல, உத்தியோகம். கோயில தனியா பிரிச்சு வைங்க, எங்களுக்கு வேலைய குடுங்கன்னாங்க. 1922 ஏப்ரல் 12ல மூலம் திருநாள் ராஜா பிரகடனம் போட்டு தேவஸ்வத்த, அதாவது கோயில் நிர்வாகத்த, தனி டிப்பார்ட்மெண்ட் ஆக்கினாரு.

எங்க கூட வந்தவங்கள்ல மார்த்தாண்டம் பக்கத்து அண்ணாச்சி ஒருத்தர், சிஎஸ்ஐ கிறிஸ்தவ சபைக்காரரு, தாலுகா ஆபீஸ்லயே காலத்த ஓட்டி துணை தாசில்தாரா ரிட்டயர்டு ஆனவரு. அதுவரைக்கும் வாயே தொறக்கல, ரசவடைய தின்னுட்டு வந்தாரு. இதக் கேட்டதும் நிமிந்து, "அப்பம் என் வேலைக்கு அப்பாயின்மெண்ட் ஆர்டர் 1922லயே போட்டாச்சுன்னு சொல்லும்"ன்னாரு. வேனே சிரிச்சுது.

சாரு இதத்தான் பெரிய பிரிவினைன்னு சொல்றாரு. ஸ்வீடன்ல ராஜா இருக்கும்போதே சர்ச்சும் சர்க்காரும் பிரிஞ்சது 2000லதான், இங்கிலாந்து ராஜா இன்னைக்கும் அந்த ஊர் சர்ச்சுக்கு தலைவர், நம்ம ஊர்ல அதுக்கெல்லாம் முந்தியே ஆச்சுன்னு ஒரே பெருமை. எனக்கு அங்கதான் கொஞ்சம் இடிக்குது. பிரிஞ்சது ஃபைல்தான, ராஜா பிரியலயே. 1949 ஜூலைல திருவிதாங்கூரும் கொச்சியும் சேந்து சித்திரைத் திருநாள் ராஜா ராஜபிரமுகர், அதாவது கவர்னர் மாதிரி, ஆகும்போது, பத்மநாபதாசனா ஏற்கெனவே சாமிக்கு சத்தியம் பண்ணியாச்சு இன்னொரு பதவிப் பிரமாணம் எப்படி பண்ணன்னு தயங்கி, கடைசில கடிதம் எழுதி ஒப்பேத்தினாங்கன்னு சொன்னதும் இதே சார்தான். நம்ம அரசியல் சட்டத்துலயே 290ஏன்னு ஒண்ணு இருக்கு, வருசா வருசம் திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்கு கேரளா 46 லட்சத்து 50 ஆயிரம் குடுக்கணும், 1956ல நம்ம ஜில்லா தமிழ்நாட்டோட சேந்தப்ப இங்க வந்த கோயில்களுக்கு தமிழ்நாடு 13 லட்சத்து 50 ஆயிரம் குடுக்கணும். இதச் சொல்லி மடக்கினேன், "தம்பி, பாகம் பிரிச்ச பொறவும் அம்மைக்கு மூத்தவன் செலவுக்கு குடுக்க மாட்டானா"ன்னுட்டு அடுத்த ஆள பாத்து திரும்பிட்டாரு.

சாப்பாடு கொள்ளாம். சம்பா அரிசி சோறு, மீன் கொழம்பு, அவியல், ரெண்டாவது தடவ கேட்டதுக்கு மொகம் சுளிக்கல. ஆனா களியக்காவிளைல டிராபிக்ல மாட்டி திருவனந்தபுரம் போறப்ப 4 மணி ஆகிட்டு, நோட்டீஸ்ல போட்டிருந்த குதிரை மாளிகை அரண்மனை கோவிந்தா.

இனி எனக்கு உண்மையிலயே கோவம் வந்த விசயம். பத்மநாபசாமி கோயிலுக்குள்ள இந்துக்கள் மட்டும்தான், ஆம்பளைங்க வேட்டி கட்டணும், மேல சட்டை கூடாது. வேட்டி விசயம் நோட்டீஸ்ல இருந்துச்சு, மத்தது இல்ல. அண்ணாச்சியும் 950 குடுத்துதான் வந்தாரு, இறக்கிவிட்ட பொறகு "நீங்க வெளிய வெயிட் பண்ணுங்க"ன்னா எப்படி? புக் பண்ணும்போதே சொல்லணும். அவரு ஒண்ணும் சொல்லல, கிழக்கு வாசல் பக்கம் கடைல சாயாவும் பழம்பொரியும் வாங்கிட்டு உக்காந்தாரு. நாங்க தரிசனம் முடிச்சு வந்தப்ப, "1936 நவம்பர் 12ல கோயில் கதவ தொறந்தது எல்லா சாதி இந்துக்களுக்கு மட்டுந்தான்னு சார் காலைலயே சொன்னாருல்லா, நான்தான் சரியா கேக்கல"ன்னாரு. என் வீட்டுக்காரிக்கு சிரிக்கவா வேண்டாமான்னு தெரியல. காசுல பாதிய திருப்பிக் குடுங்கன்னு நான் நடத்துறவருக்கு போன் போட்டேன், பாக்கலாம்னாரு, இன்னும் பாத்துட்டு இருக்காரு.

என் மார்க் 5க்கு மூணரை, அதுல மூணு சாருக்கு. வேனுக்கு அரை குடுத்ததே அதிகம். போறவங்க தண்ணி எடுத்துட்டு போங்க, திங்கக்கிழமை அரண்மனை லீவு, தேதிய பாத்துக்கோங்க.

திரும்பி வரும்போது சார் அடுத்த டூர் நவராத்திரிக்குன்னாரு. தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூணு சாமி விக்கிரகமும் திருவனந்தபுரம் கிளம்பும், உப்பரிகை மாளிகைல வச்சு ராஜாவோட உடைவாள கை மாத்துவாங்க, ரெண்டு ஸ்டேட் போலீசும் நின்னு மரியாதை குடுக்கும். "பிரிச்சாச்சுன்னு சொன்னீரே சார், போலீசுக்கு அங்க என்ன வேல?"ன்னு நான் கேக்குறதுக்குள்ள பின் சீட்டுல இருந்து அண்ணாச்சி, "அது ரோட்டுல நடக்கதுதான, எனக்கு ஒரு சீட்டு போடும். ஏசிய மட்டும் சரி பண்ணச் சொல்லும்."