20 பவுண்டு நரம்பு நனைஞ்சா எத்தனை பவுண்டு? சாஃப்ட் மோனோ, டஃப் மோனோ, ஃப்ளோரோ - மூணையும் இழுத்துப் பாத்ததுல தெரிஞ்சது

தூண்டில் சாமான் கடைக்குப் போனா எல்லாரும் முதல்ல கேக்குறது "அண்ணே 20 பவுண்டு நரம்பு இருக்கா"ன்னுதான். அவரும் நாலு ஸ்பூல் எடுத்து வைப்பாரு, நாலுலயும் 20 பவுண்டுன்னுதான் போட்டிருக்கும் (தூண்டில் நரம்பு தாங்குற பாரம் அது), விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும் இருக்கும். அந்த நம்பர வச்சு ரெண்டு கம்பெனி நரம்ப ஒப்பிடவே முடியாதுங்க. ஏன்னா டெஸ்ட் லைன்னு விக்கிறது போட்டிருக்குற அளவ தாண்டித்தான் அறுந்துபோகணும்னு செஞ்சது, அதனால 20ன்னு எழுதிட்டு 25க்கு மேல தாங்குறதும் உண்டு. கிளாஸ் லைன் அப்படியே தலைகீழ். அது மீன் சாதனை பதிவு பண்றவங்களுக்கானது, போட்டிருக்குற அளவுக்குள்ளயே அறுந்தாகணும், ஒரு பொட்டு கூட தாண்டக்கூடாது. சாதனைய பதிவு பண்ற ஐஜிஎஃப்ஏ அமைப்புல 10 கிலோ கிளாஸ்னு ஒருத்தர் மனு போட்டா, மீன் புடிச்ச நரம்புலயே 50 அடி வெட்டி அனுப்பணும், அத அவங்க தண்ணியில ஊற வச்சு மெஷின்ல இழுத்துப் பாப்பாங்க. ஊற வச்சுங்கிறதுதான் விஷயமே, அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல தடிமன். நீங்க வாங்குறது பவுண்டு இல்ல, நைலான். 0.40 மிமீ நரம்புக்கும் 0.45 நரம்புக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனா வெட்டு முகத்த கணக்கு போட்டா 0.45ல நாலுல ஒரு பங்குக்கு மேல சரக்கு அதிகம். 0.50ன்னா அம்பத்தாறு சதவீதம் அதிகம்! இத வச்சுக்கிட்டு "என் நரம்பு அவன் நரம்ப விட பலம்"னு சொன்னா என்ன அர்த்தம். பெர்க்லி கம்பெனியோட ட்ரைலீன் நரம்புலயே பாருங்க, எக்ஸ்எல்ங்கிறது சாஃப்ட், எக்ஸ்டிங்கிறது டஃப், ரெண்டுலயும் 8 பவுண்டு எடுத்தா முன்னது 0.010 இஞ்ச், பின்னது 0.011. ஒரே கம்பெனி, ஒரே பவுண்டு, ஆனா இருபது சதவீதம் சரக்கு கூட. ஜப்பான்காரன் இதுல தெளிவு, அவனோட கோ கணக்குல 1ன்னா 0.165 மிமீ, 4ன்னா சரியா அதுக்கு ரெண்டு மடங்கு 0.33, தடிமன வச்சே நம்பர் போடுறான். நம்ம ஊர்ல கிலோ கணக்குல சுருளா வர்ற தங்கூஸ் நரம்பும் மிமீ கணக்குலதான் கேட்டு வாங்குவாங்க, கடல்ல தொழில் பாக்குறவங்க பவுண்டு கேட்டு நான் பாத்ததில்ல.

அதனால நான் சோதிச்சதுல பவுண்ட விட்டுட்டேன். மூணுலயும் மைக்ரோமீட்டர் வச்சு கிட்டத்தட்ட 0.45 வர்றதா பாத்து எடுத்தது: ஒரு சாஃப்ட் மோனோ, ஒரு டஃப் மோனோ (ரெண்டும் ஒத்தை இழை நைலான்), ஒரு ஃப்ளோரோகார்பன் (இது வேற பிளாஸ்டிக், சுருக்கமா ஃப்ளோரோ). வெர்னியர் போதாதான்னு கேட்டா போதாது, அதோட வாய் நரம்ப நசுக்கிடும். ஒரே இடத்துல அளக்காம அஞ்சாறு இடத்துல அளங்க, சுத்தி சுத்தி அளங்க, மட்டமான நரம்பு உருண்டையாவே இருக்காது, ஒரு பக்கம் 0.43 இன்னொரு பக்கம் 0.47ன்னு காட்டும், அங்கயே பாதி கதை முடிஞ்சுது.

இழுக்குறதுக்கு பீக் ஹோல்டு (தொட்ட உச்ச எடைய அப்படியே காட்டி நிக்கிறது) இருக்குற லக்கேஜ் தராசு போதும். ஆனா தராசு கொக்கியில நேரா முடிச்சு போட்டு இழுத்தா நீங்க சோதிக்கிறது முடிச்சத்தான், நரம்ப இல்ல. நரம்போட சொந்த பலம் வேணும்னா வழவழன்னு இருக்குற ரெண்டு பைப் துண்டுல ஏழெட்டு சுத்து சுத்தி அதுக்கப்புறம் கட்டுங்க, சுத்துலயே பாரம் இறங்கிடும், முடிச்சுக்கு வராது, நடுவுல அறுக்கும். மெதுவா, ஒரே வேகத்துல இழுக்கணும். வெடுக்குன்னு இழுத்தா வர்ற நம்பருக்கு அர்த்தமே கிடையாது. கண்ணாடி போட்டுக்கோங்க, கையில நரம்ப சுத்தாதீங்க, அறுந்து திரும்புற நரம்பு தோல கிழிச்சிடும்.

இப்ப தண்ணி விஷயம். நைலான் தண்ணி குடிக்கும். முழுசா ஊறினா எடையில பத்து சதவீதம் கிட்ட வரைக்கும் குடிக்கக்கூடிய பிளாஸ்டிக் அது, குடிச்சா இளகும், நீளுறது கூடும், பலம் குறையும். பக்கெட்ல ரெண்டு மணி நேரம் போட்டு எடுத்து இழுத்தப்ப ரெண்டு மோனோவும் காஞ்சப்ப இருந்தத விட பத்து சதவீதத்துக்கு மேலயே கீழ வந்துச்சு, சாஃப்ட் இன்னும் கொஞ்சம் கூட. ஃப்ளோரோ அசையவே இல்ல. அது பிவிடிஎஃப்ங்கிற பிளாஸ்டிக், தண்ணிய தொடவே தொடாது. காஞ்சு இருக்கும்போது மோனோதான் மேல, நனைஞ்சதுக்கு அப்புறம் இடைவெளி பாதியா சுருங்கிடுது. கடையில நிக்கிறப்ப ரெண்டு கையில நரம்ப இழுத்து "நல்ல சரக்கு"ன்னு தலையாட்டுறோமே, அது காஞ்ச நரம்புங்க, மீன் என்ன தரையிலயா கடிக்கப்போகுது.

ஆனா இத வச்சு ஃப்ளோரோ ஜெயிச்சிடுச்சுன்னு நினைக்காதீங்க, முடிச்சுல அது திணறுது. சரக்கு கடினம், முடிச்சு இறுகும்போது தன்னத்தானே உரசி சூடாகுது, எச்சில் தடவி மெதுவா இறுக்கலன்னா அங்கயே வெந்து போயிடும். யூனி முடிச்சு, இம்ப்ரூவ்டு கிளிஞ்ச், பாலோமர் மூணும் போட்டுப் பாத்ததுல சாஃப்ட் மோனோதான் எதப் போட்டாலும் அழகா உக்காந்துச்சு, புதுசா கத்துக்கிறவன் கையிலயும் சரியா வரும். ஃப்ளோரோல கிளிஞ்ச் போட்டா ஒரு தடவை பிரமாதம், அடுத்த தடவை பாதி பலத்துலயே பொட்டு. எனக்கு சராசரிய விட இந்த ஏத்த இறக்கம்தான் பெருசா படுது, ஏன்னா மீன் வர்றது அந்த மோசமான முடிச்சுலதான்.

அறுந்த நுனிய தூக்கிப் போடாம வெளிச்சத்துல புடிச்சு பாருங்க. பன்னிவால் மாதிரி சுருண்டு இருந்தா முடிச்சு வழுக்கி அவுந்திருக்கு, நரம்பு மேல பழி போடாதீங்க, முடிச்ச மாத்துங்க. சட்டுனு வெட்டின மாதிரி இருந்தா முடிச்சு கடிச்சிருக்கு, இல்ல பல்லு பட்டிருக்கு. நுனிக்கு மேல ஒரு சாண் தூரத்துக்கு வெள்ளை வெள்ளையா சொரசொரன்னு இருந்தா அது பாறை வேலை.

பாறைன்னதும் சென்னைப் பக்கம் கடலுக்குள்ள கல்லு கொட்டி கட்டியிருக்குற தூண்டில் வளைவுதான் ஞாபகம் வருது. கருங்கல் பூரா சிப்பி ஒட்டியிருக்கும், கொடுவாவோ செப்பிலியோ கடிச்ச அடுத்த நொடி கல்லுக்குள்ள பூரும். இங்க நரம்பு அறுக்குறது மீனோட பலத்தால இல்ல. ரீல்ல பிரேக் மாதிரி இருக்குற டிராக்க நரம்பு பலத்துல மூணுல ஒரு பங்குக்குத்தான் வைக்கிறோம், 9 கிலோ நரம்புன்னா 3 கிலோ, அதுக்கு மேல போனா ரீல் தானா விட்டுக்கொடுக்கும், அப்புறம் எங்க 9 கிலோவ தொடுறது? உரசல்தான் அறுக்குது. இத வீட்டுல பாக்க ஒரு பைப்புல 220 நம்பர் உப்புத்தாள் சுத்தி, மூணு நரம்புலயும் ஒரே எடை ஈயக்குண்டு தொங்கவிட்டு, நனைச்சுக்கிட்டே முன்னும் பின்னும் இழுத்து எண்ணுங்க. சாஃப்ட் முதல்ல போச்சு, ரொம்ப சீக்கிரமாவே. டஃப் மோனோ தெளிவா நின்னு ஆடுச்சு. ஃப்ளோரோ மேல விளம்பரம் சொல்ற அளவுக்கு எனக்கு வித்தியாசம் தெரியல, டஃப்புக்கு பக்கத்துலதான் வந்துச்சு, அதுலயும் ஒரு ஆழமான கீறல் விழுந்துட்டா அடுத்த இழுவையில சொல்லாம கொள்ளாம போகுது. ரெண்டு மூணு மடங்கு காசு குடுத்து ரீல் பூரா அத சுத்துறது எனக்கு சரியா படல.

நரம்பு நீளுறத பத்தி ரொம்ப பேச ஒண்ணும் இல்ல, மோனோ அறுக்குறதுக்கு முன்னாடி இருபது முப்பது சதவீதம் வரை நீளும், ஃப்ளோரோவும் சொல்ற அளவுக்கு கம்மி கிடையாது. நீளவே கூடாதுன்னா பல இழை பின்னின பிரெய்டுக்குப் போங்க. தூரத்துல மீன் வாயில முள்ள ஏத்துறப்ப இந்த நீளுறது சொதப்பும், கரைக்குப் பக்கத்துல மீன் தலைய உதறுறப்ப இதுவே காப்பாத்தும்.

கண்ணுக்குத் தெரியாது, அதான் ஃப்ளோரோன்னு ஒரு பேச்சு. தண்ணியோட ஒளிவிலகல் 1.33, ஃப்ளோரோ 1.42, நைலான் 1.53 பக்கம், கணக்கு என்னமோ உண்மைதான். ஆனா மழைக்கு அப்புறம் முட்டுக்காட்டு கலங்கல்ல மீனுக்கே மீன் தெரியாது. தெளிஞ்ச தண்ணின்னா, ராமேஸ்வரம் பக்கம் மாதிரின்னா, ஒத்துக்குறேன். அடர்த்தியும் ஞாபகம் இருக்கட்டும், ஃப்ளோரோ 1.78, நைலான் 1.14, அதனால மேல் தண்ணியில ஆடுற பாப்பர் லூருக்கு (செயற்கை இரை) ஃப்ளோரோ கட்டினா மூக்க கீழ இழுத்துடும்.

வெயில் மோனோவுக்கு எமன். சூரிய ஒளியில நைலான் வெளுத்து மொறுமொறுன்னு ஆகும், ஃப்ளோரோ தாங்கும். கார் டிக்கியிலயும் மொட்டை மாடியிலயும் கிடந்த பழைய ஸ்பூல் வச்சிருந்தா முடிச்சு போட்டு இழுத்துப் பாத்துட்டு அப்புறம் ரீல்ல ஏத்துங்க.

என் கணக்கு இதுதான்: கல்லு, சிப்பி இருக்குற இடத்துக்கு டஃப் மோனோ, ரீல் சுருள் தொல்லை கொஞ்சம் பொறுத்துக்கணும், புது ஸ்பூல்ல வளையம் வளையமா குதிக்கும். ஏரி, குளம், லேசான லூர் வீச்சுக்கு சாஃப்ட். ஃப்ளோரோ ஒரு பாகம் (ரெண்டு கையையும் விரிச்ச நீளம்) லீடர் மட்டும், அதாவது முள்ளுக்கு முன்னாடி கட்டுற துண்டு, அதுவும் தெளிஞ்ச தண்ணிக்கு. பைசாவுக்கு பலம்னா தங்கூஸ் சுருளயும் ஒதுக்க மாட்டேன், ஈயம் போட்டு கைத்தூண்டில் விடுறதுக்கு அது போதும், எறியிறதுக்குத்தான் லாயக்கில்ல. சோதிச்சு மிஞ்சுற துண்டெல்லாம் கடற்கரையில போட்றாதீங்க, ஜனவரி தொடங்கி பங்குனி ஆமைங்கிற கடலாமை முட்டை போட அதே மணல்லதான் ஏறி வருது, சின்ன சின்னதா வெட்டி வீட்டு குப்பையில போடுங்க.