மருத்துவ சீட் வாங்கித் தருகிறோம் என்பவர்களிடம் அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்

நீட் முடிவு வெளியானதும் சேலம் ஐந்து ரோட்டிலிருந்து புதிய பேருந்து நிலையம் வரை 'எம்.பி.பி.எஸ். சேர்க்கை வழிகாட்டி' என்ற தட்டிகள் முளைத்துவிடும். அவற்றில் ஒன்றை நம்பி அம்மாபேட்டையில் இருக்கும் என் அக்கா 40,000 ரூபாய் கட்டினார். பணத்தைக்கூட விட்டுவிடலாம். மகளுக்கு ஓராண்டு போய்விட்டது.

அக்கா வீட்டில் விசைத்தறி. மகள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். இப்படிப் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் தனியாக உண்டு. அந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தால்கூடக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. அதாவது, இடையில் நிற்பவருக்கு அதில் கால் காசு தேறாது. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

குளிரூட்டிய அறை, சுவர் முழுக்க வெள்ளைக் கோட்டு அணிந்த பிள்ளைகளின் படங்கள். அங்கிருந்தவர் அக்காவிடம் முதலில் கேட்டது அசல் சான்றிதழ்களை: மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ். "ஸ்கேன் செய்துவிட்டுத் தருகிறோம் அம்மா" என்று வாங்கியவை அவருடைய பீரோவுக்குள் போய்விட்டன. அடுத்து, விண்ணப்பத்தில் மாணவியின் கைபேசி எண்ணுக்குப் பதிலாக அலுவலக எண்ணையும் அலுவலக மின்னஞ்சலையும் பதிவு செய்தார்கள். "ஓடிபி நள்ளிரவில்கூட வரும், நீங்கள் தூங்கிவிடுவீர்கள்" என்பது காரணமாம். என்ன கரிசனம்! அன்றிலிருந்து அந்தப் பெண்ணால் தன் விண்ணப்பத்தைத் தானே திறந்து பார்க்க முடியவில்லை.

விஷயம் என் காதுக்கு எட்டியபோது தரவரிசைப் பட்டியல் வந்துவிட்டது. பொதுப் பட்டியலில் அவள் பெயர் எங்கோ கீழே கிடந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான தனிப் பட்டியலில் பெயரே இல்லை. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அதில் மேலே இருந்தார்கள். விண்ணப்பத்தில் 7.5 சதவீதம் கோரும் இடத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நேரில் போய்க் கேட்டேன். "சார், அதில் சேர்ந்தால் ஏதோ ஒரு மூலையில்தான் கல்லூரி கிடைக்கும். நாங்கள் நிர்வாக ஒதுக்கீட்டில் நல்ல கல்லூரியாகப் பிடித்து வைத்திருக்கிறோம். இரண்டு லட்சம் கட்டினால் சீட்டை பிளாக் செய்துவிடலாம்" என்றார், வெட்கமே இல்லாமல். தறி ஓட்டுகிற குடும்பம் நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணத்தை ஆண்டுதோறும் எப்படிக் கட்டும் என்று கேட்டதற்கு, வங்கிக் கடனுக்கும் ஆள் இருப்பதாகச் சொன்னார்.

யாரும் எந்த சீட்டையும் பிளாக் செய்ய முடியாது. சுயநிதிக் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களையும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மாநில அரசின் மருத்துவச் சேர்க்கைத் தேர்வுக் குழுதான் நீட் தரவரிசைப்படி நிரப்புகிறது. அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய இடங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களும் டெல்லியில் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு வழியாகப் போகின்றன. கல்லூரிகள் சீட்டுக்கு நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு லட்சம் எங்கே போகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நான் உட்கார்ந்திருந்தபோதே ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து ஒரு தகப்பனார் மகனுடன் வந்தார். காபித் தோட்டத்தில் கூலி வேலை. பழங்குடியினர் சான்றிதழை "எடுத்துத் தர" அவரிடம் 15,000 கேட்டார்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விசாரணைக்குப் பிறகு கோட்டாட்சியர் கொடுக்கும் சான்றிதழ் அது. வெளியே அழைத்துப்போய் இதைச் சொன்னேன். கையிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையம் பக்கம் நடந்துவிட்டார். அந்த அலுவலகத்தில் என்னால் தடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

விண்ணப்பிக்கும் கெடு முடிந்து பட்டியலும் வந்தபின் புதிதாக ஒதுக்கீடு கோர எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. அசல் சான்றிதழ்களைத் திரும்பக் கேட்டபோது "மீதித் தொகை 20,000 இருக்கிறது" என்றார்கள். காவல் நிலையத்துக்குப் போகிறோம் என்று எழுந்த பிறகுதான் பீரோ திறந்தது. பணம் வரவில்லை. ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். பணம் போனதோ ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு.

இந்த ஆண்டு விண்ணப்பிப்பவர்கள் விளக்கக் குறிப்பேட்டை (பிராஸ்பெக்டஸ்) முழுவதும் படியுங்கள். தமிழ்நாட்டு மாணவர்கள் மாநிலக் கலந்தாய்வுக்குத் தனியாக, அகில இந்திய இடங்களுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மாநிலத்திலும் அரசு ஒதுக்கீட்டுக்கு ஒன்று, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு ஒன்று என விண்ணப்பம் வேறு. கைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். கணினி தெரியாவிட்டால் பள்ளித் தலைமையாசிரியரிடம் போங்கள். 7.5 சதவீதத்துக்குத் தேவையான படிப்புச் சான்றுக்கு எப்படியும் அவரிடம்தான் போக வேண்டும். சமர்ப்பிக்கும் முன் விண்ணப்பத்தை அச்சிட்டு, ஒதுக்கீட்டுப் பகுதியை வரி வரியாகப் பாருங்கள். கல்லூரி விருப்ப வரிசையை நீங்களே போடுங்கள். எங்கள் வீட்டில் அதுவரை போகவே இல்லை.

மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். விசாரணைக்குக் கூப்பிட்டபோது அந்த ஆள், தன் மீது வேறு யாரும் புகார் சொன்னதில்லை என்று சொல்லியிருக்கிறார். ஐந்து ரோடு பக்கம் இதே போல் பணம் கட்டி ஏமாந்தவர்கள் ரசீதையும் வங்கிப் பரிமாற்ற விவரத்தையும் எடுத்துக்கொண்டு போய் மனு கொடுங்கள். எங்கள் மனு தனியாகக் கிடக்கிறது.